ஓய்வும் ஒதுக்கமும்: நெடிய மருத்துவ விடுப்பில் எழும் பதற்றம்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பால்மரமும் செம்பனையும் நிரைகட்டி நின்ற நிலத்தினிடையே 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்டது கூலிம் ஹைடெக் பூங்கா. மலேசியாவின் முதல் உயர்நுட்பத் தொழிற்பேட்டை அதுவே. இன்டெல், இன்ஃபினியன், சில்டெரா முதலிய குறைக்கடத்தி ஆலைகள் இங்கு இயங்குகின்றன. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் முந்தைய தலைமுறை விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றது. வெயில் ஏறுமுன், மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அவர்தம் பிள்ளைகள் இன்று லூனாசிலும் பாடாங் செராயிலும் சாலையோரத்தில் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கின்றனர். வேலை மாறிற்று, நாளை வகுத்துத் தருவது வேலைதான் என்பது மாறவில்லை. நோயுற்று மாதக்கணக்கில் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பில் இருப்போர்க்கு முதலில் கலைவது அந்த நாள் ஒழுங்கே.

உடல்நோய் தணிந்துவரும்போதே நெஞ்சு படபடத்தலும் உறக்கம் கெடுதலும் மிகுவதைக் கண்டு பலர் திகைக்கின்றனர். மனத்திண்மை குறைந்ததென்று தம்மையே பழிக்கின்றனர். அப்பழி அறிவியலுக்கு ஒவ்வாது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட சோதனை ஒன்றை இங்கு விரித்துரைத்தல் தகும். கணினித் திரையில் பாறைகள் தோன்றும். ஒவ்வொன்றின் அடியிலும் பாம்பு உண்டா, இல்லையா என்று பங்கேற்போர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும் மின்னதிர்ச்சி. அவர்களுடைய வியர்வையும் கண்பாவை விரிவும் அளக்கப்பட்டன. அதிர்ச்சி உறுதி என்று அறிந்த வேளையினும், வாய்ப்பு சரிபாதியாய் நின்ற வேளையிலேயே உடல் மிகுதியாய்ப் பதறிற்று. வரப்போகும் துன்பத்தைக் காட்டிலும், வருமோ வராதோ என்னும் நிலை உடலை வருத்துகின்றது.

நெடுவிடுப்பில் இருப்பவரின் நாள்கள் அத்தகைய பாறைகளால் நிறைந்தவை. வேலை நிலைக்குமா? ஊதியம் எதுவரை வரும்? வீட்டுக் கடனுக்கும் கார்த் தவணைக்கும் என்ன வழி? இவற்றுள் சிலவற்றுக்கு விடை சட்டத்திலேயே உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பணியில் இரண்டாண்டு நிறையாதவர்க்கு ஆண்டுக்கு 14 நாளும், ஐந்தாண்டு நிறையாதவர்க்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டோர்க்கு 22 நாளும் ஊதியத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்க்கு 60 நாள். 2023 முதல் அது தனிக்கணக்கு. எஞ்சிய நாள் எத்தனை என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுக. விடை கசப்பாயினும் பாறை ஒன்று புரட்டப்பட்டுவிடும்.

பதற்றத்தை வளர்க்கும் மற்றொன்று வீட்டுக்குள்ளேயே நிகழ்கின்றது. மாலையில் கைப்பேசி ஒலிக்கின்றது. ஆலைக் குழுவின் வாட்ஸ்அப் செய்தி. திறவாமலே நெஞ்சு துள்ளுகின்றது. மூளையின் ஆழத்தில் வாதுமை வடிவில் அமைந்த அமிக்டலா எச்சரிக்கை எழுப்ப, அட்ரினலின் குருதியிற் பாய்கின்றது. விடுப்பில் இருப்பவர் பேசியைக் கவிழ்த்து வைக்கின்றார். சில நொடியில் ஆறுதல். அந்த ஆறுதலே பொறி. ஒதுங்கியதால் தப்பினோம் என்று மூளை கற்றுக்கொள்கின்றது. மறுமுறை இன்னும் விரைந்து ஒதுங்கத் தூண்டுகின்றது. முதலில் செய்தி, பின் ஆலைப் பக்கம் செல்லும் சாலை, பின் கடைத்தெருவில் எதிர்ப்படும் உடன்பணியாளர் என அஞ்சுவன பெருகுகின்றன. ஓய்வு என்பது வேறு, ஒதுக்கம் என்பது வேறு. மருத்துவர் எழுதித் தருவது முன்னதை மட்டுமே.

ஆதலின் மீட்சியும் படிப்படியாகவே அமைதல் வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒரு நண்பருடன் தேநீர் அருந்துதல், குழுச் செய்தியை நாளுக்கு ஒருமுறை குறித்த வேளையில் மட்டும் படித்தல், விடுமுறை நாளில் ஆலை வாயில் வரை சென்று திரும்புதல். ஒவ்வொரு படியிலும் அச்சம் தானே தணியுமளவும் நிற்றல் வேண்டும்; அச்சம் உச்சத்தில் இருக்கையில் ஓடிவந்தால் பழைய பாடமே வலுப்பெறும். பதற்றம் எழும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததினும் நெடிதாக விடுக. மூச்சு வெளிச்செல்கையில் அலைநரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும்.

கலைந்த நாளுக்கு மீண்டும் ஒழுங்கு அமைத்தலும் வேண்டும். 1930களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்ட மரியந்தால் என்னும் ஆஸ்திரிய ஊரின் வாழ்வைச் சமூக உளவியலாளர் மேரி யகோடாவும் குழுவினரும் ஆராய்ந்தனர். வேலையிழந்த ஆடவர் நடையே தளர்ந்திருந்தது; கைநிறைய நேரமிருந்தும் நூலகத்தில் நூல் எடுப்பது குறைந்தது. நோய் விடுப்பும் வேலையிழப்பும் ஒன்றல்ல. எனினும் ஒழுங்குமுறையற்ற நாள் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு அவ்வூர் சான்று. பல ஆலைகளில் வழங்கும் 12 மணி நேர இரவு முறைக்குப் பழகிய உடற்கடிகாரமோ முன்னரே குழம்பியிருக்கும். அதனைத் திருத்துவதில் காலை வெளிச்சத்துக்கு நிகர் குறைவு. கூலிமில் ஞாயிறு ஏழு மணியளவிலேயே எழுகின்றது. எழுந்து அரைமணி நேரம் வெளியில் நடத்தல் செலவில்லா மருத்துவம்.

இவற்றால் தணியாத பதற்றத்துக்கு மருத்துவம் தேவை. தைராய்டு மிகையும் குருதிச்சோகையும்கூடப் படபடப்பாகவே வெளிப்படும். அவற்றை முதலில் சோதித்தல் நன்று. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.

பணிக்குத் திரும்பும் நாளில் ஒரே மூச்சில் முழுச் சுமையும் ஏற்றல் பெரும்பாலும் தோல்வியில் முடியும் என்பதே என் கணிப்பு. லைட் டியூட்டி என்னும் இலகுப் பணிக்கு மருத்துவரிடம் கடிதம் கேட்கத் தயங்க வேண்டா. தகுதியுடையோர்க்கு மருத்துவரோடும் முதலாளியோடும் பேசிப் பணியை இசைவிக்கும் திட்டத்தைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2007 முதல் நடத்தி வருகின்றது. திரும்பி வருவோரை ‘எம்.சி. கிங்’ என்று நகையாடும் வழக்கத்தை உடன்பணியாளர் கைவிடுக. தனித்துத் தவிப்போர், சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணை அழைக்கலாம்.