மக்கா, மக்க விடுங்க!

அம்பாசமுத்திரத்தில் சொப்பு சாமான் செய்யிற பட்டறை வாசல்ல நின்னு பார்த்திருக்கீங்களா? கடைசல்ல குட்டி ஆட்டுக்கல் உருண்டு திரள, காலடியில மரச்சுருள் குவியும். மரம் அறுக்கிற மில் பக்கம் போனா மூட்டை மூட்டையா மரத்தூள். 'இவ்வளவும் வேஸ்ட்டா பாஸ்?'னு தோணுமே... அங்கதான் ஆபத்து!

அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியும். ஒரு மூட்டையை அள்ளிட்டு வந்து, வீட்டுப் பின்னால அப்பா ஆசையா பந்தல் போட்டு ஏத்தின திராட்சைக் கொடியோட வேர்ல கொட்டிக் கொத்தி விடுவீங்க. 'இயற்கை உரமாக்கும்!'னு காலரைத் தூக்கி விட்டுக்குவீங்க. கொஞ்ச நாள்ல இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகும். பழி தாமிரபரணித் தண்ணி மேல விழும். பாவம் அது!

விஷயம் இதுதான். மரத்தூளில் 1 பங்கு தழைச்சத்துக்குக் கார்பன் 200 முதல் 500 பங்கு வரைகூட இருக்கும். அதைத் தின்று மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேணுமே? தூள்ல கிடைக்கலேன்னா மண்ணுல இருந்து உருவிக்கும். கொடிக்குப் போட்ட பந்தி இலையில இவங்க உட்கார்ந்துடுவாங்க! அதுவும் கவாத்து முடிஞ்சு புதுத் தளிர் ஓடுற நேரம்னா கொடி பாடு திண்டாட்டம்தான். திராட்சைக்குப் பேர்போன கம்பம் பள்ளத்தாக்குல (அவங்க பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைச்சது) வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேலயே கவாத்து நடக்கும். அங்கெல்லாம் இந்த விளையாட்டு கொலைக்குச் சமம்.

அப்போ என்னதான் செய்ய? தென்னை நார்க்கழிவும் இதே ரகம்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதுக்கு வழி சொல்லியிருக்கு. 1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் விதை. கழிவைப் பரப்பி, அதுமேல காளான் விதை, மறுபடி கழிவு, அதுமேல யூரியான்னு அடுக்கிக்கிட்டே போகணும். ஈரம் காயாமப் பார்த்துக்கணும். 112-க்கு 1 என்றிருந்த கார்பன் - தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்று இறங்கிவிடுகிறது. மரத்தூள் இன்னும் முரடு, அதனால நாள் கூடுதலா பிடிக்கும். சாணத்தையும் பச்சை இலைதழையையும் தாராளமா சேருங்க. ப்ளைவுட் தூளும் பெயின்ட் பட்ட சுருளும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பொறுமை இல்லையா? மண்ணுல கலக்காம, தண்டை விட்டுத் தள்ளி மேலாக மூடாக்கு போடுங்க. மேல்மண்ணோட போயிடும் அந்தச் சண்டை. வெயில்ல ஈரமும் நிக்கும். 'மகசூல் டபுள்!'னு யாராவது சொன்னா மட்டும் நம்பிடாதீங்க.

நம்பிக்கை வரலேன்னா ரெண்டு தொட்டியில வெண்டை விதை போட்டு, ஒண்ணுல பச்சைத் தூள், இன்னொண்ணுல மக்கினது கலந்து பாருங்க. இலையோட கலரே சொல்லிடும். குவியல் சூடு ஆறி, கறுத்து, மழை மண் வாசனை வந்தா ரெடி. புளிச்ச வாடை அடிக்குதா? கிளறி விட்டு இன்னும் கொஞ்சம் பொறுங்க மக்கா!