திறந்தவெளி முகாம் விழாக்களில் மாதிரிக் கணக்கெடுப்பு: பர்னிங் மேன் விழாவை முன்வைத்துச் சில களச்சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

மக்கள் கூடாரமிட்டுத் தங்கும் திறந்தவெளி விழாக்களில் கணக்கெடுப்பு நடத்துவோர் எதிர்கொள்ளும் வெயில், புழுதி, இரைச்சல், உறக்கமின்மை ஆகியன ஆய்வேடுகளில் வெறும் சிரமங்களாகவே பதிவாகின்றன. யார் விடையளிக்கிறார் என்பதை அவையே பெரும்பாலும் தீர்மானிப்பதால், அவற்றைத் தரவின் ஒரு கூறாகவே கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: களப்பணி, கூறெடுப்பு, முகாம் விழா, எடையிடல், ஒப்புதல்

முன்னுரை

வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, வருகைப் பதிவேடு என ஏதேனும் ஒரு பட்டியலிலிருந்து மாதிரியைத் தெரிவு செய்வதற்கே சமூக ஆய்வாளர் பெரிதும் பழகியுள்ளனர். சில நாள்களுக்கு மட்டும் எழுந்து மறையும் கூடார நகருக்கு முழுமையான பட்டியல் கிடைப்பதரிது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவுக்குச் சீட்டு வாங்குவோர் ஒளிப்படத்துடன் முன்பதிவு செய்கின்றனர். எனினும், பணியின் பொருட்டு உள்ளே தங்கும் கலைஞரும் கடைக்காரரும் தன்னார்வலரும் சீட்டு வாங்குவோர் பட்டியலுள் அடங்குவதில்லை.

இச்சிக்கலைக் காண ஏற்ற களம் பர்னிங் மேன். 1986இல் சான்பிரான்சிஸ்கோ கடற்கரையொன்றில் தொடங்கிய இவ்விழா, 1990 முதல் நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்தில் நடைபெறுகிறது. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 பேர் கூடும் அத்தற்காலிக நகருக்குப் பிளாக் ராக் சிட்டி என்று பெயர். நிலம் கூட்டரசுக்குரியது, விழாவுக்கு ஆண்டுதோறும் அரசின் இசைவு வேண்டும். ஆகவே, அங்கு வருவோர் யாவர் என்னும் வினா ஆர்வத்துக்காக மட்டும் எழுப்பப்படுவதன்று.

எங்கே நின்று வினவுவது?

வறண்ட ஏரிப்படுகையின் காரத்தன்மை கொண்ட நுண்புழுதி காற்றில் எழும்போது சில அடிக்கு அப்பால் எதுவும் புலப்படாது. அவ்வேளைகளிலும் நண்பகல் வெயிலிலும் களப்பணியாளர் நிழலுள்ள பொதுக்கூடத்தை நாடுவது இயல்பு. சாய்வு அங்கேயே நுழைந்துவிடுகிறது. ஓரிடத்தில் நான்கு மணிநேரம் அமர்ந்திருப்பவர், அரைமணி நேரம் மட்டும் இருந்து செல்பவரைக் காட்டிலும் ஏறக்குறைய எட்டு மடங்கு மிகுதியாக மாதிரியுள் அகப்படும் வாய்ப்புடையவர். கூடாரங்களைத் தெரிவு செய்து தேடிச் சென்றாலும் இடர் தீர்வதில்லை. இரவெல்லாம் விழித்திருந்தோர் பகலில் உறங்குவர். எழுந்தோர் வெளியே திரிவர். உறங்குபவரை எழுப்பிக் கேட்பதை எந்த ஆய்வறமும் ஏற்காது.

வாயிற் கூறெடுப்பு

பிளாக் ராக் சிட்டிக்கான கணக்கெடுப்பு 2002 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. 2012 முதல் அதில் முதன்மையான மாற்றம் ஏற்பட்டது. நகருள் நுழையும் வாகனங்களிலிருந்து நிகழ்தகவு முறையில் சிலவற்றைத் தெரிவு செய்து, அவற்றில் வருவோரிடம் சிறு வினாநிரல் கொடுக்கப்படுகிறது. விழா முடிந்தபின் இணையவழியில் நிகழும் விரிவான கணக்கெடுப்பின் விடைகள், வாயிலிற் கிடைத்த வயது, பாலினம், முந்தைய வருகை முதலிய விவரங்களைக் கொண்டு எடையிடப்படுகின்றன. பலமுறை வந்து பழகியவரே இணைய வினாநிரலை விரும்பி நிரப்பக்கூடும்; எடையிடாவிடில் முதன்முறை வந்தவரின் குரல் அடங்கிப்போகும்.

நுழைவாயிலைத் தேர்ந்தமை கூர்மையான முடிவு. காத்திருக்கும் வரிசையில் மக்களுக்கு நேரமுண்டு. பெரும்பாலோர் தெளிந்த நிலையில் இருப்பர். வெளியேறும்போதோ களைப்பும் அவசரமுமே மிஞ்சும். 2023இல் விழாவின் இறுதிக் கட்டத்தில் பெய்த மழையால் நிலம் சேறாகி வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டதை எண்ணினால், வெளிவாயிலை நம்பிய ஆய்வு என்னவாகும் என்பது விளங்கும். நுழைவாயிலும் முற்றிலும் காப்பானதன்று. 2014இல் தொடக்க நாள்களிலேயே மழையால் வாயில் மூடப்பட்டது. அத்தகைய நாளில் கூறெடுப்பு அட்டவணை குலைவதுடன், திறந்தபின் வரும் பெருக்கை முன்னைய இடைவெளியிலேயே எண்ணுவதும் இயலாததாகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே வாகனத்தில் வருவோர் பல வகையிலும் ஒத்தவர். சராசரியாக நால்வர் விடையளிப்பதாகவும் அவர்களிடையே உள்ளொப்புமைக் கெழு 0.3 எனவும் கொண்டால், மாறுபாட்டின் பெருக்கம் 1 + (4 − 1) × 0.3 = 1.9 ஆகும். 1,000 பேரின் விடைகள் தனித்தனியே தெரிவுசெய்த 526 பேரின் விடைகளுக்கே ஈடாகும். களத்தில் மகிழ்வூட்டும் எண்ணிக்கை, பகுப்பாய்வில் பாதியாகிவிடுகிறது!

ஒப்புதலும் மறுப்பும்

மது அருந்தியவரின் ஒப்புதல் செல்லுமா என்பது இவ்வகைக் களங்கள் அனைத்துக்கும் பொதுவான வினா. காலையில் மட்டும் வினவுவது அறத்துக்கு ஏற்றதாயினும் இரவுப் பங்கேற்பாளரை விலக்கிவிடும். போதைப்பொருள், வருமானம் பற்றிய வினாக்களுக்கு உடன்வந்தோர் எட்டிப் பார்க்கும் இடத்தில் உண்மை விடை வராது. தாமே நிரப்பிப் பூட்டிய பெட்டியில் இடும் தாளே அங்குப் பொருந்தும். கைக்கணினி வெயிலில் சூடேறி நின்றுவிடும் என்பதும் தாளுக்குச் சாதகமான ஒரு காரணம்.

களைத்த பணியாளர், வரிசைப்படி வரவேண்டியவரை விட்டு முகமலர்ச்சியுடன் நிற்பவரை அணுகுவார். இதனை அறிவுரையால் மட்டும் தடுக்க இயலாது. பணிவேளையைக் குறுக்குவதும், எண்ணுபவரையும் வினவுபவரையும் வேறாக்குவதும் பயன்தரும். மறுத்தவர், உறங்கியவர், மொழி புரியாதவர், ஒப்புதல் தரும் நிலையில் இல்லாதவர் ஆகியோரை வெவ்வேறு குறியீடுகளால் நேரத்துடன் பதிய வேண்டும். காற்றின் நிலைக்கும் அத்தாளில் ஒரு பத்தி ஒதுக்கினால், புழுதி எழுந்த மணிநேரத்தில் மறுப்பு மிகுந்ததா என்பதைப் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டலாம்.