கரை தெரிந்தது, குளம் தெரியவில்லை

தொலைநோக்கியில் நிலவின் தெற்கு ஓரத்தை உற்றுப் பாருங்கள். வட்டம் அங்கே பிசிறடித்தாற்போல் இருக்கும். துருத்திக்கொண்டு நிற்பவை மலைகள். அந்தக் காலத்து வானியலாளர்கள் அவற்றுக்கு லைப்னிட்ஸ் மலைகள் என்று பெயரே வைத்திருந்தார்கள். அவை ஒரு மாபெரும் பள்ளத்தின் கரை என்பதுதான் தெரியாது. பள்ளம் கிடந்தது மறுபக்கத்தில்.

நிலவு தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும் பூமியைச் சுற்றிவரும் நேரமும் ஒன்றே. அதனால் நமக்கு என்றும் ஒரே முகம். மறுபக்கத்தை ‘இருண்ட பக்கம்’ என்பார்கள், அபத்தம். அமாவாசையன்று இங்கே நிலவைக் காணோம் என்றால், அங்கே பட்டப்பகல்.

1959-ல் சோவியத் யூனியனின் லூனா 3 அந்தப் பக்கத்தை முதன்முதலில் படம் பிடித்தது. 1994-ல் அமெரிக்காவின் கிளமென்டைன் லேசரால் மேடு பள்ளங்களை அளந்த பிறகே பள்ளத்தின் முழு உருவம் புலப்பட்டது. நீளவாக்கில் சுமார் 2,500 கிலோமீட்டர். நிலவின் விட்டமே 3,474 தான்! ஆழம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். பெயர், தென்துருவ-ஐட்கன் படுகை. ஒரு முனையில் தென்துருவம், மறுமுனையில் ஐட்கன் என்ற பள்ளம். பஸ் ரூட்டுக்குப் பெயர் வைப்பதுபோல வைத்துவிட்டார்கள்.

இளம் நிலவு உருகிய பாறைக் குழம்பாக இருந்தது. இலேசான கனிமங்கள் மிதந்து மேலோடாக உறைந்தன. மக்னீசியம் மிகுந்த கனமானவை அடியில் தங்கின. அந்த அடிவண்டலைப் பார்க்க நாம் எந்த எந்திரத்தால் தோண்டுவது? வந்து மோதி இந்தப் படுகையை உண்டாக்கிய விண்பாறை அந்த வேலையை முடித்துவைத்திருக்கிறது. 2024 ஜூனில் சீனாவின் சாங்இ-6, படுகைக்குள்ளேயே இருக்கும் அப்பல்லோ பள்ளத்தில் இறங்கி 1,935.3 கிராம் மண்ணும் கல்லும் அள்ளி வந்தது. அதை ஆராய்ந்தவர்கள் மோதலின் வயதை 425 கோடி ஆண்டுகள் என்று கணித்தார்கள்.

தோண்டிய மண் எங்கே போனது? 2023 ஆகஸ்டில் நம் சந்திரயான்-3 இறங்கிய இடம் இந்தப் படுகையின் விளிம்பிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரக்யான் ஊர்தி அங்கே சோதித்த மண் பெரும்பாலும் மேலோட்டு வகைதான். ஆனால் எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் சற்றுத் தூக்கலாக இருந்தது. அந்த மோதலில் ஆழத்திலிருந்து வீசியெறியப்பட்ட பாறை அதில் கலந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிரக்யான் ஊர்ந்தது நூறு மீட்டர் சொச்சம். ஊர்ந்ததோ, தோண்டிக் கொட்டிய மண்ணின் மேல்.