வெள்ளை உடுப்பும் பதிவும்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மரக்கறித் தோட்டமொன்றில் கூலிக்கு வேலை செய்யும் ஒரு தாய், சென்ற மாதம் தம் மகளுடன் என்னைக் காண வந்தார். வன்னியில் வயலையும் மாடுகளையும் விட்டு 2009இல் வெளியேறிய குடும்பம் அது.

“பாதர், பிள்ளை நேர்ஸ் படிச்சு முடிச்சிட்டாள். கண்டி பெரியாஸ்பத்திரியிலை சேர ஒரு கடிதம் தருவீங்களோ?”

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதப் பாடநெறி. சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். என் கடிதத்தால் பயனில்லை என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நம் நாட்டில் தாதி என்பது சட்டம் தரும் பெயர். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைத் தாதியர் பேரவை அமைக்கப்பட்டது. தாதியரின் பதிவேடு அதனிடமே இருக்கிறது. மருத்துவர், மருத்துவிச்சி, மருந்தாளர் ஆகியோரின் பதிவு வேறு. அது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையிடம் உள்ளது. நம் மக்களுக்கோ ஊசி போடுபவரெல்லாம் ‘டொக்டர்’, வெள்ளை உடுத்தவரெல்லாம் ‘நேர்ஸ்’. தேயிலைத் தோட்ட மருந்தகங்களில் தொடங்கிய பழக்கமோ என்னவோ!

அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்று ஆண்டுகள். கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளை கட்டணம் கட்டுவதில்லை. மாதாந்தக் கொடுப்பனவு பெறுகிறாள். ஊசி குத்தப் பழகுவதற்கு மூன்று ஆண்டுகள் வேண்டுமா என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். குத்துவதை ஒரு வாரத்தில் பழகலாம். குத்தக் கூடாத வேளையை அறிவதற்குத்தான் அத்தனை காலம். ஒருவரைச் சுகப்படுத்தும் அதே மருந்து, ஒவ்வாமை உள்ள இன்னொருவரின் மூச்சை நிறுத்திவிடலாம். எந்த மருந்து என்று தீர்மானிப்பவர் மருத்துவர். அளவைச் சரிபார்ப்பதும், கொடுத்தபின் நோயாளியின் நாடியையும் முகத்தையும் கவனிப்பதும், மாற்றம் கண்டவுடன் மருத்துவருக்கு அறிவிப்பதும் தாதியின் பொறுப்பு.

அந்தப் பிள்ளை ஒரு சிறிய தனியார் சிகிச்சை நிலையத்தில் மூன்று வாரம் வேலை செய்திருக்கிறாள். “டொக்டர் இல்லாத நேரம் ஊசி போடச் சொல்லிச்சினம் பாதர். எனக்குப் பயமா இருந்தது, மாட்டன் எண்டிட்டன்.” மறுநாள் வரவேண்டாம் என்றார்களாம். வேலை போனதற்காகத் தாய் அழுதார். நான் அந்தப் பிள்ளையைப் பாராட்டினேன். ஏதும் நேர்ந்திருந்தால் பழி முழுவதும் அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

குறுகிய காலப் பாடநெறிகள் யாவும் வீண் என்று சொல்லமாட்டேன். முதியோரையும் படுக்கையில் உள்ளோரையும் பராமரிப்பது மதிப்புள்ள தொழில். அதற்கு ஆள் தேவை இருக்கிறது. ஆனால் அது பராமரிப்பாளர் வேலை. தாதி வேலை என்று சொல்லி அதை விற்பதுதான் அநியாயம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிறுவனம் என்று விளம்பரத்தில் இருந்தாலும், அங்கே படித்தவர் தாதியாகிவிடுவதில்லை. ஆகவே நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒன்றைக் கேளுங்கள்: “இதைப் படித்தால் தாதியர் பேரவையில் பதியலாமா?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பெறுபேற்றுத் தாளையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தலில் வயதெல்லையும் உண்டு. இடப்பெயர்வில் இவளுக்குப் பள்ளி ஆண்டுகள் பல போய்விட்டன. வரும் ஞாயிறு பூசைக்குப் பின் இருவருமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.