புயலுக்குப் பின் நமது கடமை

புயற்காற்று ஓர் இரவில் ஓய்ந்துவிடுகிறது. அது விளைத்த துயரமோ ஓர் இரவில் ஓய்வதில்லை. இந்த எளிய உண்மையைச் சர்க்காரும் மறந்துவிடுகின்றனர். பொது ஜனங்களாகிய நாமும் மறந்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகைதோறும் வங்கக் கடல் பொங்கும் நாட்டில் வாழ்பவர்களுக்கு இம்மறதி தகாது.

1964-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து சென்ற பாஸஞ்சர் ரயில் பிரயாணிகளோடு அலைகளுக்கு இரையாயிற்று. பாம்பன் பாலமும் சிதைந்தது. அதைச் செப்பனிட ஆறு மாதம் ஆகுமென்று ரயில்வேயார் மதிப்பிட்டனர். இளம் இஞ்சினீயராயிருந்த ஸ்ரீ ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் வேலையை முடித்துக் காட்டினார். போற்றத் தக்க சாதனைதான். ஆனால் தனுஷ்கோடி? மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடமென்று சர்க்கார் அறிவித்தனர். பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை. அந்த மணல் திட்டில் மறுபடி ஊர் அமைப்பது விவேகமன்று என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், இரும்பைச் செப்பனிடுவதில் காட்டும் முனைப்பை மனிதரின் பிழைப்பைச் செப்பனிடுவதிலும் காட்ட வேண்டுமென்பதே நமது வாதம்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜாப் புயல் கரையேறியது. முன்னெச்சரிக்கை செய்து ஆயிரக்கணக்கானோரை முகாம்களுக்கு அழைத்துச் சென்றதால் பல உயிர்கள் தப்பின. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி ஜில்லாக்களிலிருந்தும் அண்டை ராஜ்யங்களிலிருந்தும் வந்த மின்சாரத் தொழிலாளிகள் சேற்றில் இறங்கி அவற்றை நிமிர்த்தினர். அவர்களுக்குத் தமிழ்நாடு என்றும் கடமைப்பட்டது.

ஆனால் மின்கம்பத்தை நிமிர்த்துவதுபோல் தென்னையை நிமிர்த்த முடியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தோப்புத் தோப்பாக மரங்கள் வேரோடு சாய்ந்தன. மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று ராஜ்ய சர்க்கார் நிவாரணம் விதித்தனர். நன்கு காய்க்கும் மரம் வருஷத்துக்குச் சுமார் நூறு காய் தரும். காய் ஒன்று பத்து ரூபாய் என்று கொண்டாலும், முழுத்தொகையும் ஒரு வருஷப் பலனையே ஈடுசெய்யும். நெட்டை ரகக் கன்று காய்க்கவோ ஆறேழு வருஷம் வேண்டும். இடைப்பட்ட வருஷங்களில் குடியானவன் எதைத் தின்பான்? தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் கீற்று முடைந்தும் வாழ்ந்த கூலியாட்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு மரமும் இல்லை. மரத்துக்குரிய நிவாரணமும் இல்லை.

ராஜ்ய சர்க்கார் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டனர். மத்திய சர்க்கார் 1,146 கோடியே 12 லட்சம் அனுமதித்தனர். கேட்டது மிகையென்றே வைத்துக்கொண்டாலும், கிடைத்தது அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. டெல்லியின் தராசு தமிழ்நாட்டின் கண்ணீரை எந்த எடைக்கல்லால் நிறுக்கிறது என்பதை நமது பிரதிநிதிகள் ஓயாது கேட்க வேண்டும்.

டெல்லியைக் குறை கூறுவதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. சிம்மக்கல்லில் கனமழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்கும். சிறிது நேரத்தில் வடிந்துவிடும். அதற்கு மேல் புயலின் கொடுமையை மதுரைவாசிகளாகிய நாம் அதிகம் அறிந்ததில்லை. ஆதலின் நமது இரக்கமும் விரைவில் வடிந்துவிடுகிறது. முதல் வாரத்தில் லாரி லாரியாக அரிசியும் துணியும் அனுப்புகிறோம். அடுத்த மாதம் அந்த ஊரின் பெயர்கூட நினைவில் இருப்பதில்லை. பசிக்குச் சோறு அளிப்பது தர்மம். உழைப்பவனை மீண்டும் உழைக்கச் செய்வதே புனருத்தாரணம்.

நாம் கூறும் யோசனைகள் எளியவை. விழுந்த மரங்களை உடனே அகற்ற ஆட்களும் யந்திரங்களும் அனுப்ப வேண்டும். அழுகும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு பெருகிப் புதுக் கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிடும். அவ்வேலைக்கு உள்ளூர்க் கூலியாட்களையே அமர்த்தினால் அவர்கள் அடுப்பும் எரியும். கன்றுகளோடு, இடையே ஊடுபயிராக விதைக்க உளுந்தும் எள்ளும் கொடுக்க வேண்டும். நமது வக்கீல் நண்பர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நஷ்டத்தைக் கணக்கிடும் அதிகாரி முதலில் பார்ப்பது பட்டாவும் அடங்கலுமே. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவன் பெயர் பெரும்பாலும் அவற்றில் ஏறுவதில்லை. அத்தகையோருக்கு மனு எழுதித் தாலுகா ஆபீஸ் வரை துணை செல்வது, நூறு கண்டன மேடைகளைவிட மேலான தேசத் தொண்டாகும்.

ஒரிஸ்ஸாவில் 1999-ல் வீசிய புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். பாதுகாப்புக் கட்டடங்களும் கிராமத் தொண்டர் படைகளும் அமைத்தபின், 2013-ல் கடும் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோரை முன்கூட்டி அகற்றிப் பேருயிர்ச் சேதத்தைத் தவிர்த்தனர். ஜனங்கள் மனம் வைத்தால் முடியாததில்லை.

ஒவ்வொரு நகரமும் ஒரு கிராமத்தையேனும் ஏற்று, நட்ட கன்று காய்க்கும் வரை உடனிருக்கட்டும். அடுத்த புயல் நம்மைக் கேட்டு வராது. அது வருமுன் மதுரை தன் பங்கை நிச்சயித்துக்கொள்ளுமா?