சாக்கடையில் ஊறும் காஸ் துணி

காயத்துக்குக் கட்டுகிற அதே காஸ் துணிதான். பல மடிப்பாக மடித்து, நடுவில் கயிறு கட்டி, சாக்கடைக்குள் தொங்கவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாள் ஊறியபின் எடுத்தால், அந்தப் பகுதிக் கழிவில் ஓடிவந்த கிருமிகள் அதன் இழைகளில் சிக்கியிருக்கும். 1940-களில் இங்கிலாந்தில் பாராடைபாய்டு எங்கிருந்து பரவுகிறது என்று தேடிய பிரெண்டன் மூர் கையாண்ட உத்தி இது. இன்றும் 'மூர் ஸ்வாப்' என்றே பெயர். டைபாய்டைத் தேட வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்களும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி இருக்கும்போது சாக்கடை எதற்கு? போலியோ வைரஸ் தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கை, கால் முடங்கும். மற்றவர்களில் பெரும்பாலோர் நோயென்றே அறியாமல், ஆஸ்பத்திரிக்கும் வராமல் நடமாடுவார்கள். அவர்கள் மலத்தில் வாரக்கணக்கில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் கழிவுநீரில் போலியோ வைரஸைத் தேடுவது 2001-இல் மும்பையில் தொடங்கியது. சாக்கடையில் பிடித்து ஐஸ் பெட்டியில் அனுப்பும் கழிவுநீரைச் செறிவாக்கி, ஆய்வகத்தில் வளர்க்கும் எலிச் செல்களோடு சேர்ப்பார்கள். போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் மனிதப் புரதத்தை அந்தச் செல்களில் முன்பே பொருத்தியிருப்பார்கள். வைரஸ் இருந்தால் செல்கள் உருண்டு திரண்டு, கண்ணாடியை விட்டுப் பிரிந்துவிடும்.

நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், ஹவுராவில். தேடல் அதோடு நிற்கவில்லை. 2016-இல் ஐதராபாத் கழிவுநீரில், தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய இரண்டாம் வகை வைரஸ் அகப்பட்டது. ஒரு குழந்தைகூட முடங்கியிருக்கவில்லை. ஆனாலும் காத்திருக்காமல் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். இந்த முறையின் முழுப் பலனும் அப்போது தெரிந்தது. கொரோனாக் காலத்தில் அகமதாபாத் உள்ளிட்ட பல நகரங்கள் இதே வழிக்கு வந்தன.

ஸ்ரீவைகுண்டம் போன்ற சிற்றூர்களுக்கு இது எட்டுமா? எட்ட வேண்டும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கேதான். மேலே திருநெல்வேலிக் கழிவு ஆற்றில் கலப்பது எல்லாரும் அறிந்த வேதனை. ஆனால் ஆற்றில் துணியைக் கட்டிப் பெரிதாகப் பயனில்லை. அவ்வளவு தண்ணீரில் கிருமி நீர்த்துப்போகும். அகப்பட்டாலும் எந்த ஊருடையது என்று சொல்ல முடியாது. கழிவுநீர் யாருடைய பெயரையும் காட்டிக்கொடுக்காது, பகுதியைத்தான் காட்டும். ஆகவே எடுக்கும் இடமே முக்கியம். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில், தெரு வாறுகால்கள் ஒன்றுசேரும் முனையில், வாய்க்காலில் விழுவதற்கு முன்பே துணியைக் கட்ட வேண்டும். செப்டிக் டேங்கிலேயே தங்கிவிடும் கழிவுக்கு, அதை உறிஞ்சி வரும் லாரியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ளலாம்.