தோற்கும்னு தெரிஞ்சே பதவியேற்ற அமைச்சரவை: போலந்தின் ரெண்டு வாரக் கதை

இன்னைக்கு எபிசோடுல போலந்துக்குப் போறோம்.

2023 அக்டோபர் 15. நாடாளுமன்றத் தேர்தல். வ்ரோட்ஸ்வாஃப் நகரத்துல யாகோத்னோன்னு ஒரு ஏரியா. அங்க வாக்குச்சாவடில அவ்வளவு கூட்டம். ராத்திரி முழுக்க வரிசை நகர்ந்து, கடைசி ஆள் ஓட்டுப் போடும்போது விடியற்காலை மூணு மணி ஆகப்போகுது. குளிர்ல நிக்கிறவங்களுக்கு அக்கம்பக்கத்துல இருந்தவங்க பீட்சா கொண்டுவந்து கொடுத்தாங்க. நாடு முழுக்க 74 சதவீதத்துக்கு மேல வாக்குப்பதிவு.

இப்போ கணக்கைப் பாருங்க. போலந்து நாடாளுமன்றத்தோட கீழவை பேரு செய்ம். மொத்தம் 460 இடம், பெரும்பான்மைக்கு 231. எட்டு வருஷமா ஆட்சில இருந்த 'சட்டமும் நீதியும்' கட்சிக்கு 194. தனிக்கட்சியா பார்த்தா அதுதான் முதலிடம். ஆனா எதிர்ப்பக்கம் டொனால்ட் டஸ்க்கோட குடிமக்கள் கூட்டணி 157, மூன்றாம் வழி 65, இடதுசாரிகள் 26. கூட்டினா 248. மூணு தரப்பும் சேர்ந்து ஆளத் தயார்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க.

அப்போ அடுத்த பிரதமர் டஸ்க்தானே? இல்லை. அதிபர் ஆண்ட்ரே டூடா, ஏற்கெனவே பிரதமரா இருந்த மொராவியெட்ஸ்கியையே திரும்பக் கூப்பிட்டார். அதிக இடம் வாங்கின கட்சிக்கு முதல் வாய்ப்பு கொடுக்கிறது மரபுன்னு காரணம் சொன்னார். மீதமிருந்த ஒரே கட்சியோட 18 இடத்தைச் சேர்த்தாலும் 212தான் வரும். இந்த அரசு தேறாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

சட்டப்படி இதுல தப்பு இல்லை. போலந்தோட 1997 அரசியலமைப்புச் சட்டம் இதைப் படிப்படியா எழுதி வச்சிருக்கு. செய்ம் முதல்முறை கூடினதுலேர்ந்து 14 நாளுக்குள்ள அதிபர் அமைச்சரவையை நியமிக்கணும். அடுத்த 14 நாளுக்குள்ள அது நம்பிக்கை வாக்கு கேக்கணும். தோத்தா, பிரதமரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை செய்முக்கே போயிடும்.

தேதிகளை அடுக்கிப் பார்த்தப்போதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. நவம்பர் 13 செய்ம் கூடுது. நவம்பர் 27 பதவியேற்பு: சரியா 14-ஆவது நாள். டிசம்பர் 11 வாக்கெடுப்பு: மறுபடியும் 14-ஆவது நாள். ரெண்டு கெடுவையும் கடைசி நாள் வரைக்கும் இழுத்திருக்காங்க! ஆதரவு 190, எதிர்ப்பு 266. அரசு கவிழ்ந்தது. வார்சாவுல ஒரு தியேட்டர்ல அன்னைக்கு செய்ம் கூட்டத்தைப் பெரிய திரைல நேரலையா ஓட்டினாங்க. ஜனங்க படம் பாக்கிற மாதிரி உக்காந்து பார்த்தாங்க. அன்னைக்கு ராத்திரியே 248-க்கு 201-னு டஸ்க் தேர்வானார். டிசம்பர் 13 பதவியேற்றார்.

என் வேலைல 'டைம்அவுட்'னு ஒண்ணு உண்டு. ஒரு சர்வர் பதில் சொல்லலைன்னா எவ்வளவு நேரம் காத்திருக்கணும், அதுக்கப்புறம் யார்கிட்ட போகணும்னு முன்கூட்டியே கோடுல எழுதிடுவோம். எழுதலைன்னா மொத்த சிஸ்டமும் அந்த ஒரு பதிலுக்காகத் தொங்கிக்கிட்டு நிக்கும். அந்த 14 நாளும் அதே மாதிரிதான். அதிபரோட மனசை அந்த விதியால மாத்த முடியலை. ஆனா இழுத்தடிப்புக்கு ஒரு எல்லை போட முடிஞ்சது.

சும்மா கிடைச்சதில்லை அது. விடிய விடிய நின்னு ஓட்டுப் போட்டவங்க புது அரசைப் பார்க்க 59 நாள் ஆச்சு. நடுவுல ரெண்டு வாரம், பெரும்பான்மை இல்லாத அமைச்சர்கள் கையில முழு அதிகாரம் இருந்தது. அது பெரிய விலைதான். ஆனா கெடு எழுதப்படாத நாட்டுல அந்த ரெண்டு வாரம் ரெண்டு வருஷம்கூட ஆகலாம்.

அதனால எந்த நாட்டு அரசியலமைப்பைப் படிச்சாலும், யாருக்கு என்ன அதிகாரம்னு மட்டும் பார்க்காதீங்க. எத்தனை நாளைக்குள்ளன்னும் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!